பன்னிரு மாத மலர்களும் பனைவடலியும்

நாள்காட்டி தொங்காத வீடு இன்று நம் வட்டாரத்தில் இல்லை. தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலை அடுத்த பனவடலிசத்திரத்தையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் சுற்றி வருகையில், எந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்தாலும் நம் கண்ணுக்கு நேரே ஆணியில் ஒன்று அசைந்துகொண்டிருக்கும். உரக்கடைக்காரரோ நகைக்கடைக்காரரோ புத்தாண்டில் வழங்கியது. பக்கத்துச் சிவகாசியில் அச்சானது. மாதத்துக்கு ஒரு தாள், தாளுக்கு ஒரு படம். ஜனவரிக்குப் பனி மூடிய ஊசியிலை மரங்கள். ஏப்ரலுக்கு வரிவரியாய்த் துலிப் மலர்கள். செப்டம்பருக்குக் கூடை நிறைய ஆப்பிளும் திராட்சையும். அக்டோபருக்குச் செந்நிறமேறி உதிரும் மேப்பிள் இலைகள். வீட்டுக்கு வெளியே ஏப்ரலில் கொன்றை மஞ்சளாய்த் தொங்குகிறது, வேம்பு பூவைக் கொட்டி முடித்துக் காய் பிடிக்கிறது. சுவரில் இருக்கும் ஏப்ரலும் வாசலில் இருக்கும் ஏப்ரலும் ஒன்றையொன்று அறியாமலேயே அந்த மாதம் கழிந்துவிடுகிறது.

மாதத்துக்கு ஒரு படம் என்னும் வழக்கம் மிகத் தொன்மையானது. ஐரோப்பாவின் இடைக்காலச் செபநூல்களில் திருநாள்களின் பட்டியலோடு, அந்தந்த மாதத்து உழவுத் தொழிலையும் வரைந்து வைத்தார்கள். ஒரு மாதத்தில் உழுகிறான், ஒரு மாதத்தில் அறுக்கிறான், ஒரு மாதத்தில் திராட்சை மிதிக்கிறான். செபிக்கிறவர் விண்ணை நோக்குமுன் தம் காலடி மண் அன்று என்ன நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார். பின்னாளில் அதே பன்னிரு மாத வரிசையை ஆங்கிலேய வணிகர் ஒருவர் கையில் எடுத்தார். அவருடைய கதை சுவையானது, நம்மையும் தொடுவது.

அவர் பெயர் ராபர்ட் ஃபர்பர். இலண்டனுக்கு மேற்கே கென்சிங்டனில் நாற்றுப்பண்ணை வைத்திருந்தவர். கி.பி. 1730-இல் அவர் 'பன்னிரு மாத மலர்கள்' என்னும் படத்தொகுப்பை வெளியிட்டார். பன்னிரண்டு பெரிய தாள்கள். ஒவ்வொன்றிலும் ஓர் அலங்காரப் பூச்சாடி. சாடி நிறைய அந்த மாதத்தில் மலரும் பூக்கள். மொத்தம் நானூறுக்கும் மேற்பட்ட வகைகள். ஒவ்வொரு பூவின் அருகிலும் ஓர் எண் சிறிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். தாளின் அடியில் அவ்வெண்ணுக்குரிய பெயர் இருக்கும். விலை மட்டும் எங்கும் இல்லை. பார்ப்பவர் பூவில் மயங்கி, எண்ணைத் தேடி, பெயரை அறிந்து, பண்ணைக்கு வந்து சேர வேண்டும் என்பதே ஏற்பாடு. விலைப்பட்டியல் என்று தோன்றாத விற்பனைப் பட்டியல் அது. முன்பணம் கட்டிய கனவான்களின் பெயர்களை அச்சிட்டுப் பதின்மூன்றாவது தாளாக இணைத்தார். நன்கொடையாளர் பெயர்ப்பலகையில் தம் பெயர் எழுத்துப் பிழையின்றி வந்திருக்கிறதா என்று பார்க்கும் குணம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. இரண்டாண்டுகள் கழித்து, 1732-இல், 'பன்னிரு மாதக் கனிகள்' என்று மற்றொரு தொகுப்பும் வெளிவந்தது.

ஃபர்பர் வணிகர்; ஓவியர் அல்லர். மூல ஓவியங்களைத் தீட்டியவர் பீட்டர் காஸ்டீல்ஸ். ஆண்ட்வெர்ப் நகரிலிருந்து 1708-இல் இங்கிலாந்துக்கு வந்து குடியேறிய ஃபிளெமிய ஓவியர். மலர்த் தாள்களைச் செப்புத்தகட்டில் செதுக்கியவர் ஹென்றி ஃப்ளெட்சர். அச்சான பின் தாள்களுக்குக் கையால் வண்ணம் தீட்டினார்கள்; தீட்டியதற்கு ஒரு விலை, தீட்டாததற்கு ஒரு விலை. வண்ணம் தீட்டிய கைகளின் பெயர்கள் வரலாற்றில் இல்லை.

இத்தொகுப்பின் சிறப்பு என்ன என்று கேட்டால், அது வண்ணத்திலும் இல்லை, வடிவத்திலும் இல்லை. அதன் நேர்மையில் இருக்கிறது என்போம். காஸ்டீல்ஸ் பிறந்த நாட்டிலும் ஒல்லாந்திலும் நூறாண்டுக் காலமாகப் பூச்சாடி ஓவியம் பெரும் புகழ் பெற்றிருந்தது. ஆயினும் அந்தச் சாடிகளில் இருந்தவை நடவாத ஒரு மலர்ச்சி. இளவேனிலின் துலிப்பும் கோடையின் ரோஜாவும் அதற்கும் பிந்திய பருவத்துப் பூவும் ஒரே சாடியில், ஒரே பொழுதில், ஒன்றுபோல் மலர்ந்திருக்கும். ஓவியர் ஆண்டு முழுவதும் தனித்தனியே வரைந்து வைத்த படிகளைச் சேர்த்துக் கட்டிய பூங்கொத்து அது. ஒல்லாந்து ஓவியர் யான் வான் ஹைசம் ஒரு மஞ்சள் ரோஜா கிடைக்காமையால் படத்தை முடிக்க இயலவில்லை என்று தம்மிடம் ஓவியம் கேட்டவருக்கு எழுதிய செய்தி பெயர்பெற்றது. அத்தகைய பொறுமைசாலிகளின் சாடியிலும் மாதங்கள் கலந்தே கிடந்தன. ஃபர்பரின் தாள்கள் அந்தக் கலப்பை விலக்கின. ஜனவரிச் சாடியில் ஜனவரி மட்டும். ஜூன் சாடியில் ஜூன் மட்டும். கண்ணாடிக் கூடத்தில் வெப்பமூட்டி வளர்த்தவற்றையும், அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்திறங்கியவற்றையும் அவர் சேர்த்தார் என்பது உண்மை. எனினும் "இந்த மண்ணில் இந்த மாதத்தில் நீ எதைக் காண முடியும்?" என்னும் கேள்விக்கு ஒரு விடையாகவே ஒவ்வொரு தாளும் நின்றது. விற்பவனின் கேள்விதான் அது. ஆயினும் நல்ல கேள்வி.

இங்கே ஒரு சிறு வேடிக்கையைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியார் 1582-இல் திருத்திய நாள்காட்டியை, அது உரோமையிலிருந்து வந்தது என்பதாலேயே, இங்கிலாந்து நூற்றெழுபது ஆண்டுகள் ஏற்காமல் இருந்தது. 1752-இல்தான் இணங்கியது, அவ்வாண்டு செப்டம்பர் 2-ஆம் நாளுக்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆயிற்று. ஆகவே ஃபர்பரின் தாள்களில் உள்ள மாதங்கள் அனைத்தும் பழைய கணக்கின் மாதங்கள். அவருடைய மே முதல் நாளன்று உரோமையில் மே 12. செடிகளோ எந்தக் கணக்கையும் ஏற்கவில்லை, எதனையும் மறுக்கவில்லை. தத்தம் பொழுதில் பூத்தன. ஏப்ரல் 14-ஆம் நாளில் சித்திரை பிறக்கக் காணும் நமக்கு, ஒரே பூ இரண்டு மாதப் பெயர்களைத் தாங்குவது புதுமையன்று.

அந்நூற்றாண்டின் இங்கிலாந்தில் பூவை வரைந்தவர் பலர். கடன்பட்டுச் சிறையிலிருந்த கணவரை மீட்பதற்காக எலிசபெத் பிளாக்வெல் அம்மையார் 1737 தொடங்கி மூலிகைப் படங்களை வாரந்தோறும் வெளியிட்டு, ஐந்நூறு படங்களைத் தாமே வரைந்து, தாமே செதுக்கி, தாமே வண்ணமிட்டார். மேரி டெலானி என்னும் அம்மையார், இருமுறை கைம்மை எய்தியவர், எழுபத்திரண்டாம் வயதில் வண்ணத்தாளை நுண்ணிதாகக் கத்தரித்து ஒட்டிப் பூக்களைச் செய்யத் தொடங்கினார். கண்ணொளி மங்கும் வரை பத்தாண்டுகளில் ஏறத்தாழ ஆயிரம் பூக்கள். இன்று அவை பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. பூவின் பெயரோடு அதைச் செய்த நாளையும் இடத்தையும் அவர் எழுதி வைத்தார் என்பதே நம்மை மிகவும் கவர்ந்தது. ஒரு பூவை இன்ன நாளில், இன்ன இடத்தில் பார்த்தேன் என்று எழுதுவது ஒருவகைச் சாட்சியம் அன்றோ?

மீண்டும் காஸ்டீல்ஸிடம் வருவோம். ஃபர்பரின் மலர்த் தாள்கள் சிறிய வடிவில் மறுபதிப்பாகி 1732-இல் நூலாக வந்தபோது, தோட்டக்காரர்க்கு மட்டுமன்றி ஓவியர்க்கும், மரச்செதுக்கு வேலை செய்வோர்க்கும், துணியில் பூவேலை செய்யும் பெண்களுக்கும் பயன்படும் என்று அதன் முகப்பிலேயே விளம்பரம் செய்தார்கள். 1735-இல் காஸ்டீல்ஸ் ஓவியத்தொழிலை விட்டுவிட்டு, இலண்டனுக்கு அருகிலிருந்த ஒரு துணி அச்சுப் பட்டறையில் பூவடிவங்கள் வரைந்து கொடுக்கும் பணியில் அமர்ந்து, இறக்கும் வரை அத்தொழிலிலேயே இருந்தார். அவர்கள் அத்துணியைக் 'காலிகோ' என்றார்கள். கள்ளிக்கோட்டையின் பெயரே அவர்கள் வாயில் அப்படித் திரிந்தது.

பூப்போட்ட பருத்தித் துணி மீது இங்கிலாந்துக்கு மோகம் பிறந்ததே நம் நாட்டுத் துணிகளால், சிறப்பாகச் சோழமண்டலக் கடற்கரையிலிருந்து சென்ற கையெழுத்துச் சீலைகளால்தான். வேரின் சாயமும் அவுரியின் நீலமும் ஏற்றிய அத்துணிகள் எத்தனை முறை வெளுத்தாலும் நிறம் போகாமல் இருந்தது அங்கிருந்தோர்க்கு வியப்பாயிற்று. தம் நாட்டுக் கம்பளி நெசவாளரும் பட்டு நெசவாளரும் கிளர்ந்தெழவே, 1700-இலும் 1721-இலும் சட்டமியற்றி, முதலில் அத்துணியின் இறக்குமதியையும் பின்னர் அதை உடுப்பதையும் தடுத்தார்கள். 1774-இல்தான் தடை நீங்கியது. மாதந்தோறும் மலர்ந்த ஆங்கிலேயப் பூக்களை உலகம் மெச்ச வரைந்த ஓவியர், தம் இறுதிக் காலத்தில், நம் கைவினைஞரின் துணி தோற்றுவித்த ஒரு மோகத்துக்குப் பூ வரைந்து கொடுத்து வயிறு வளர்த்தார். நம் கைவினைஞர்கள் எத்தனை பேர், அவர்கள் பெயர் என்ன என்பதற்குப் பதின்மூன்றாவது தாள் எதுவும் அச்சாகவில்லை.

நம் மண்ணின் செடிகளை வரைந்த கைகளைப் பற்றி இனிப் பேச வேண்டும்.

மேற்குமலைக்கு அப்பால், மலையாளக் கரையில், ஒல்லாந்து ஆளுநர் வான் ரீட் தொகுப்பித்து 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த 'மலபார்த் தோட்டம்' என்னும் பெருநூலை நம் வாசகரிற் சிலர் அறிந்திருக்கலாம். அப்பணியின் தொடக்கத்தில் உறுதுணையாயிருந்தவர் புனித சூசையப்பரின் மத்தேயு என்னும் இத்தாலியக் கார்மேல் துறவி. செடிகளின் பெயரும் பயனும் சொல்லியவர் இட்டி அச்சுதன் என்னும் மலையாள வைத்தியர். மறைப்பணிக்கு வந்த துறவி பச்சிலை தேடி அலைந்ததைக் கண்டு முகம் சுளித்தவரும் அன்று இருந்திருப்பர். நாம் சுளிக்க மாட்டோம்.

மலைக்கு இப்பாலும் பணி நடந்தது. ஆங்கிலேயக் கம்பெனியின் மருத்துவர்கள் வழியாக. சோழமண்டலக் கரையில் பணியாற்றிய வில்லியம் ராக்ஸ்பர்க், உள்நாட்டு ஓவியர்களை அமர்த்தி ஆயிரக்கணக்கான செடிகளை வரைவித்தார். அவற்றிலிருந்து முந்நூறு படங்கள், 1795 தொடங்கி இலண்டனில், 'சோழமண்டலக் கரையின் செடிகள்' என்று மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. அம்முதல் தொகுதியில் நம் பனையும் இடம்பெற்றுள்ளது. ராக்ஸ்பர்க்கின் பெயர் பல செடிகளின் பெயரோடு ஒட்டிக்கொண்டு நிலைத்துவிட்டது. வரைந்தவர் பெயர் அந்நூலில் இல்லை.

அடுத்த தலைமுறையில் ஒரு மாற்றம் நேர்ந்தது. நம் மாவட்டத்துக்கு அதில் பங்குண்டு. இராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் 1819-இல் சென்னை வந்தவர். 1834 முதல் 1836 வரை பாளையங்கோட்டையில் படைப்பிரிவு மருத்துவராக இருந்தார். அங்கிருந்து குற்றால மலைக்குச் சென்று செடி தேடினார். பின்னர் 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட 'கிழக்கிந்தியச் செடிகளின் படங்கள்' என்னும் ஆறு தொகுதி நூலில் 2101 படங்கள் உள்ளன. இலண்டனில் செப்புத்தகட்டில் செதுக்குவிக்கப் பொருள் இல்லாமையால், கல்லச்சு முறையைத் தாமே பயின்று சென்னையிலேயே அச்சிட்டார். விலை குறைய வேண்டும் என்பதற்காக வண்ணத்தையும் தவிர்த்தார், கருங்கோடுகள் மட்டுமே. நூலைப் புரட்டுகிறவர், செடியைக் கண்டெடுத்த இடமாகக் குற்றாலத்தின் பெயரை மீண்டும் மீண்டும் காண்பார். அருகே, ஆகஸ்டு செப்டம்பரில் பூப்பது என்பது போன்ற குறிப்பும் இருக்கும். சாரல் காலத்தில் நீராடப் போகிற நமக்கு அந்தக் குறிப்பு எவ்வளவு நெருக்கமானது!

இந்நூலின் படங்களில் ஓவியரின் பெயர் அச்சாகியிருக்கிறது. ரங்கையா என்பவர் 1845 வரை வரைந்தார். அவருக்குப் பின் கோவிந்து வரைந்தார். தெலுங்கு ஒலிப்புடைய பெயர்கள். அன்றைய தமிழகத்து ஓவியக் குடிகள் பலவற்றின் வீட்டுமொழி தெலுங்காகவே இருந்தது. கோயிலுக்கும் அரண்மனைக்கும் தெய்வ உருவங்களையும் அணிமணிகளையும் எழுதிப் பழகிய மரபிலிருந்து வந்தவர், ஒரு புல்லின் பூவைக் கூறுகூறாகப் பிரித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து, மகரந்தப் பையை எண்ணி வரையக் கற்றுக்கொண்டார் என்றால் அது எளிதன்று. வைட் 1853-இல் ஒரு மலைக்காட்டு ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். பின்னாளில் வந்த அறிஞர் அதனை வேறொரு பேரினத்துடன் இணைத்துவிட்டமையால் அப்பெயர் வழக்கொழிந்தது. எனினும் கம்பெனி அதிகாரி ஒருவர் தம்மிடம் கூலிக்கு வரைந்தவரைப் பூவின் பெயரால் வாழ்த்தினார் என்னும் செய்தி அந்நாளின் இருளில் ஓர் அகல்விளக்கு. மூல ஓவியங்களிற் பெரும்பகுதி இன்று எடின்பரோ அரச தாவரத் தோட்டத்தில் பேணப்படுகிறது. அத்தோட்டத்தின் ஆய்வாளர் என்றி நோல்ட்டி 2007-இல் வெளியிட்ட நூல்களே இவ்விருவரையும் மீண்டும் உலகின் கண்முன் நிறுத்தின. நம்மவர் நினைவில் இருந்திருக்க வேண்டியவர்களை அயலார் வந்து நினைவூட்டினார்கள் என்பது இனிக்கிற செய்தியன்று.

இரண்டு வகை ஓவியத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் நமக்கு ஒன்று புலப்படுகிறது. காஸ்டீல்ஸின் தாளில் மாதம் ஒன்று, செடிகள் பல. ரங்கையாவின் தாளில் செடி ஒன்று, மாதங்கள் பல. மொட்டும் மலரும் காயும் வெடித்த விதையும் ஒரே கிளையைச் சுற்றி ஒரே வெள்ளைத்தாளில் நிற்கின்றன. செடி எப்போது எங்கே கண்டெடுக்கப்பட்டாலும் அடையாளம் காணப்பட வேண்டும் என்பதற்காக அதன் காலத்தை நீக்கி வரைகிறார்கள். அறிவியலுக்கு அது தேவை. அதில் குறை காண்பதற்கு நாம் யார்? ஆயினும் அத்தாளில் மண் இல்லை, வெயில் இல்லை, அருகில் பூத்த வேறு செடி இல்லை, அதைப் பறிக்க வந்த பிள்ளை இல்லை. பருவம் படத்தை விட்டு இறங்கி, பக்கத்திலுள்ள எழுத்தில் ஒதுங்கி நிற்கிறது. ஆங்கிலேயன் தன் நாட்டுப் பூக்களை மாதங்களாக வரைந்துகொண்டான். நம் நாட்டுப் பூக்களை மாதிரிகளாக வரைவித்துக்கொண்டான். நம் மண்ணின் பன்னிரு மாதங்களை ரங்கையாவின் கையில் ஒருவர் கேட்டிருந்தால் அவர் வரைந்திருப்பார். கேட்பார் இல்லை. அத்தகைய தொகுப்பு ஒன்றை, தேடிய அளவில், நாம் இன்றுவரை கண்டதில்லை. சிவகாசி நாள்காட்டியில் ஏப்ரலுக்குத் துலிப் வந்து நிற்பதற்கு அச்சகத்தாரை மட்டும் நோவது முறையன்று. நாம் வரைந்து வைத்திருந்தால் அல்லவா அவர்கள் எடுத்து அச்சிட?

கோடை விடுமுறையில் மறைக்கல்வி வகுப்புக்கு வந்த பிள்ளைகளிடம் ஒரு நாள் தாளும் வண்ணப் பென்சிலும் கொடுத்து, "ஒவ்வொருவரும் ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டு, அந்த மாதத்தில் நம் ஊரில் பூப்பதை, பழுப்பதை வரையுங்கள்" என்றோம். ஆர்வமாக வரைந்தார்கள். ரோஜா ஒன்பது வந்தது. ஆப்பிள் ஐந்து. டிசம்பருக்குப் பனி பெய்தது. ஒரு சிறுமி சூசையப்பர் கையிலுள்ள லீலியைப் பார்த்து வரைந்திருந்தாள். மலர் அழகாக வந்திருந்தது. அந்தச் சுரூபத்துக்கு நம் மக்கள் சாத்தும் மாலை சம்பங்கி என்பதை அவள் அறிவாள். ஆனால் சம்பங்கியை வரையலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. படத்தில் வரத்தக்கது வேறு, வாசலில் பூப்பது வேறு என்று பிள்ளைகள் எப்படியோ கற்றுக்கொண்டுவிட்டார்கள். சம்பங்கியும் மெக்சிகோவிலிருந்து வந்ததுதான். கொய்யாவும் சீத்தாவும் பப்பாளியும் அவ்வாறே கடல் கடந்து வந்தவைதாம் என்று யாரேனும் குறுக்கிடலாம். வந்தவை வந்து, நம் வெயிலில் நின்று, நம் மாதங்களைக் கற்றுக்கொண்டன. நமக்கு அயல் என்பது செடியன்று; சுவரில் மட்டும் பூக்கிற பூவே அயல்.

அன்று மாலை, படங்களைத் திண்ணையில் பரப்பி வைத்திருந்தபோது, முன்னாளில் பனையேறிய முதியவர் ஒருவர் வந்தார். பார்த்தார். சிரிக்கவில்லை, பிள்ளைகள் முகம் வாடிவிடும் என்று அறிந்த பெரிய மனிதர். பிறகு சொன்னார்:

"சாமி, இம்புட்டுப் பூ எதுக்கு? ஒத்தப் பனைய வச்சே வருசத்தைச் சொல்லிரலாம்லா."

"எப்படி ஐயா?" என்றோம்.

"தையில பாளை வரும். மாசியில கலயம் கட்டிருவோம். பங்குனி சித்திரையில பதனி. சித்திரை வைகாசியில நுங்கு. ஆனி தாண்டுனா காய் முத்திரும். ஆடி ஆவணியில பழம் விழும், ராத்திரி சத்தத்த வச்சே எந்த மரம்னு சொல்லுவோம். புரட்டாசி ஐப்பசியில கொட்டையப் பாத்தி கட்டிப் புதைக்கணும். மார்கழியில வெட்டுனா தவுணு, தையில புடுங்குனா கெழங்கு. அவ்வளவுதான், திரும்பப் பாளை வந்துரும்."

நாம் ஊர்ப்பெயரை நினைத்துக்கொண்டோம். வடலி என்றால் இளம்பனை. சத்திரம் என்றால் வழிநடப்போர் தங்கிச் செல்லும் இடம். நாளும் உச்சரிக்கிற பெயருக்குள் ஒரு மரம் நின்றுகொண்டிருக்கிறது. ராக்ஸ்பர்க்கின் நூலில் பெயரறியாத ஒருவர் வரைந்த அதே மரம்.

பிள்ளைகள் மறுநாள் மீண்டும் அமர்ந்தார்கள். இம்முறை ஆங்கில மாதங்களை விட்டுத் தமிழ் மாதங்களை எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் பாட்டிமாரைக் கேட்டு வந்தார்கள், வழக்குகள் எழுந்தன. தைக்கு ஆவாரம்பூவும் கூரைப்பூவும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற பூக்களை யார் மறப்பார்? மாசிக்கு இலந்தைப் பழம். பங்குனிக்கு வேப்பம்பூவா புங்கம்பூவா என்று இரண்டு தெருக்களுக்குள் கருத்து வேறுபாடு. இரண்டையும் வரையச் சொன்னோம். சித்திரைக்குக் கொன்றை. வைகாசிக்கு மல்லிகை, சங்கரன்கோவில் பூச்சந்தைக்கு மூட்டை மூட்டையாய்ப் போவதைக் கண்டவர்கள் அவர்கள். மே மாதத்தில் மாதா பீடம் மல்லிகையால் நிறைவதற்கும் இந்தக் கோடை விளைச்சலே காரணம் என்பதை அவர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். ஆடிக்கு நாவற்பழம். ஆவணிக்குப் பனம்பழம். புரட்டாசிக்குச் சீத்தாப்பழம். ஐப்பசிக்குத் தும்பை. கார்த்திகைக்கு வேலியில் ஏறித் தீ நாக்குகளாய் விரியும் செங்காந்தள். அதற்குக் கார்த்திகைப்பூ என்றே பெயர் இருப்பதால் மாதமே அதைத் தேர்ந்துகொண்டது. மார்கழிக்குக் கோலத்தின் நடுவில் வைக்கிற பூசணிப்பூ வேண்டும் என்றாள் ஒருத்தி. கரிசல் நிலத்துப் பிள்ளை ஒருவன் பருத்திப்பூவுக்கு வாதாடினான். காலையில் வெளிறிய மஞ்சளாய் விரிந்து மறுநாளே சிவந்து வாடுகிற பூ. அவன் தாளில் ஒரே பூவை இரண்டு நிறத்தில் இருமுறை வரைந்து, இரண்டுக்கும் எண் இட்டு, அடியில் 'இன்று', 'நாளை' என்று எழுதியிருந்தான். அவனுக்கு ஃபர்பரையும் தெரியாது, ரங்கையாவையும் தெரியாது.

ஒவ்வொரு தாளின் மூலையிலும் வரைந்தவர் பெயரை எழுதச் சொன்னோம். இது மட்டும் நம் கட்டளை.

ஆனி மாதத் தாள் இன்னும் வெறுமையாக இருக்கிறது. அம்மாதத்தில் மேலைக்காற்று புழுதியை வாரி வீசுகையில் எந்தப் பூவும் தலையெடுப்பதில்லை என்கிறார்கள் சிலர். எருக்கு இருக்கிறதே என்றால், அது எல்லா மாதத்திலும் பூக்கிறது, ஆனிக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது என்று கேட்கிறார்கள். வேப்பம்பழம் வரையலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. பழத்தில் சேர்த்தி உண்டா, மனிதர் தின்பதில்லையே என்று அதற்கும் தடை. காகமும் மைனாவும் தின்கின்றன என்று ஒருவன் சொல்லியிருக்கிறான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்வதாக உள்ளார்கள்.